அறுபத்து மூன்றாவது குழாய்

இன்று காலை முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்தால் வழக்கமாக நடப்பதுதான். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் என் மனைவி. நான் சாத்தவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். தோளில் ஐஸ் பெட்டி, முழங்கால்வரை கருப்பு ரப்பர் பூட்ஸ். "இன்னா மாமே, ஏசி ரூம்ல குந்திகினு கொசு அடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே ஆய்வகத்துக்குள் நுழைவாயே, அதே கோலம்.

உன் ஊருக்குத் தபாலில் ஏதோ ஒரு நகர் என்று பெயர். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் 'தீவு' என்றுதான் வழி சொல்வார்கள். மூன்று பக்கம் ஏரி, நாலாவது பக்கம் உபரிநீர்க் கால்வாய். ஐப்பசியில் கால்வாய் நிரம்பினால் நாற்பது வீடுகளும் அவற்றின் மாடுகளும் தண்ணீருக்கு நடுவே நிற்கும். தண்ணீர் வடிந்ததும் காய்ச்சல் தொடங்கும். எலியின் சிறுநீர் தண்ணீரில் கலந்து, மாட்டுக்கும் மனிதனுக்கும் தொற்றுகிற எலிக்காய்ச்சல். அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தடம் பிடிக்கத்தான் நம் இருவரையும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் போட்டார்கள். தீவிலேயே பிறந்து மாடு வளர்த்த நீ அங்கே ரத்தம் எடுத்தாய். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த நான் அம்பத்தூரில் உட்கார்ந்து அதைச் சோதித்தேன்.

ரத்தம் நிரப்பிய குழாய்களின் மேல் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான் என்பது விதி. எந்த எண் யாருடையது என்பது உன் நோட்டில் மட்டும் இருக்கும். எனக்கு வரும் தாளில் 'ஆண், நாற்பத்தொன்று, மாடு வளர்ப்பு' என்கிற அளவுக்குத்தான் விவரம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. சோதனைத் தட்டில் தொண்ணூறு சொச்சம் குழிகள். மருந்துப் பெட்டியை ஒருமுறை பிரித்தால் முடித்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் கெட்டுவிடும். புதுப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தட்டு நிறையும்வரை குழாய்களைக் குளிர்பெட்டியில் சேர்த்துவைப்போம். நீ வந்து அவசரப்படுத்தும்போதெல்லாம் "இரு டே, தட்டு நெறையட்டும்" என்பேன்.

"இது இன்னா கல்யாணப் பந்தியா? எல்லாரும் வந்து குந்துனாத்தான் எல போடுவியா?" என்று கேட்டாய் ஒருநாள். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு நம் இருவருக்கும் அது பந்திதான்.

பூட்ஸ் விஷயத்தில் நீ யாரையும் விட்டதில்லை. தீவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி கொடுத்து, போடாமல் தண்ணீரில் இறங்குகிறவர்களைத் தெருவில் நிறுத்தித் திட்டினாய். ஆனால் உன் வீட்டுக்கு ஒருமுறை வந்திருந்தபோது பார்த்தேன். மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று, பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கணுக்கால்வரை நின்ற சாணித் தண்ணீரில் வெறுங்காலோடு உள்ளே போனாய். காலில் ஓர் ஆறாத வெட்டு வேறு. நான் கத்தினேன்.

"லச்சுமி கீற எடம் நைனா. செருப்பு போட்டுகினு எப்டிப் போறது? எங்கப்பன் போனதில்ல, நானும் போவ மாட்டேன்" என்றாய். கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்து, "ஆபீஸ்ல சொல்லிடாத" என்றும் சொன்னாய். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை நீ கொண்டுவந்த குழாய்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து மேசையில் வைத்தாய். அறுபத்து மூன்று. "இத மட்டும் கொஞ்சம் சீக்கிரம் பாரு மாமே. தீவுல ஒருத்தருக்கு மூணு நாளா ஜொரம்." உன் கண் சிவந்திருந்தது. வண்டியில் வந்த தூசி என்று நினைத்தேன். கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நின்றாய். எலிக்காய்ச்சலின் அடையாளங்களை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவன் நான். கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி. எதிரில் நின்ற உன்னிடம் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

"இன்னும் முப்பது சேரணும். தட்டு நெறையட்டும்" என்றேன்.

நீ ஒரு நொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு, "சரி, பந்தி ரொம்பட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். வெறுங்காலோடு போய் வாங்கிக்கொண்ட காய்ச்சல் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும், பூட்ஸ் போடு என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று பயந்தாய். இதை உன் மனைவி சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். மருந்துக்கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் முடிவுக்காகக் காத்திருந்தாயாம். "அவன் பாத்து சொல்லட்டும்" என்றாயாம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை மஞ்சள் பூத்த கண்ணோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். நான் வந்தபோது உனக்கு நினைவில்லை. செவ்வாய்க்கிழமை நீ இல்லை.

வியாழக்கிழமை, மற்ற ஊர்களிலிருந்து வந்த குழாய்களும் சேர்ந்து தட்டு நிறைந்தது. கை பழகிய வேலை, செய்தேன். கடைசி மருந்தை விட்டதும் அறுபத்து மூன்றாவது குழி மற்ற எல்லாவற்றையும்விட அடர்ந்த மஞ்சளாக மாறியது. பாவம், யாரோ ஒரு மாட்டுக்காரர், உடனே சொல்லி அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். பெயருக்காக உன் நோட்டைக் கேட்டேன். உன் மனைவி பையோடு கொண்டுவந்து கொடுத்தாள். அறுபத்து மூன்றுக்கு நேராக, உன் கோணல் கையெழுத்தில், 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் ரத்தத்தில் சில சமயம் தெரியாது, என்மேல் தவறில்லை என்று ஆய்வகத்தில் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் நான் வியாழக்கிழமை சோதித்தது உன் புதன்கிழமை ரத்தத்தைத்தான். பதில் அன்றே அதற்குள் இருந்தது. எட்டு நாள் என் குளிர்பெட்டியில் இருந்தது.

திட்டம் முடிந்துவிட்டது. அறிக்கை கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால்வாய் அப்படியேதான் இருக்கிறது, எலிகளும் அப்படியே. போன வாரம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் பூட்ஸ் அதே ஆணியில் தொங்கியது. உன் மனைவி வெறுங்காலோடு கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"பூட்ஸ் போட்டுக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவுரே கயட்டிட்டுத்தான் வருவாரு. நான் மட்டும் போட்டுகினு வரணுமாண்ணா? உள்ள வாங்க, டீ போடறேன்."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. திட்டம் முடிந்ததும் கேட்டார்கள், காணவில்லை என்று பொய் சொன்னேன். 'நான்' என்று நீ எழுதிய வரிக்குக் கீழே, அடுத்த மழைக்காக நீயே முன்கூட்டி எண் போட்டுவைத்திருக்கிறாய். அறுபத்து நான்கு, அறுபத்தைந்து, அறுபத்தாறு என்று பக்கத்தின் அடிவரை. ஒன்றுக்கு நேராகவும் பெயர் இல்லை. தீவின் நாற்பது வீட்டுக்காரர்களையும் எனக்கு இப்போது பெயரோடு தெரியும்.