நின்ற இடத்திலிருந்து ஒரு முட்டை

4 மார்ச், திங்கள்

கிள்ளானில் காலையிலேயே மழை. பள்ளிக்கு விடுப்பு. நான்காம் படிவத்துக்கு மியோசிஸ் (குரோமோசோம் பாதியாகும் செல் பிரிவு) நடத்த வேறு ஆசிரியர். வருடாவருடம் பலகையில் வரைகிற பாடம். என் உடம்புக்குத்தான் ஏறவில்லை. குழந்தைக்காகப் போன முறை எடுத்த கருமுட்டைகளில் ஒன்றுகூட முதிரவில்லை. இதுதான் கடைசி முயற்சி. முடிவு செய்தாயிற்று.

இவர் லோரிக்கு லீவு சொல்லிவிட்டு கூட வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக். டாக்டர் சொன்னது: "நீங்க பொறக்கறதுக்கு முன்னாலயே முட்டை பாதியில நின்னுடுச்சு டீச்சர். சைக்ளின்னு ஒரு புரோட்டீன் சேர்ந்தாத்தான் எழும்பும். அப்புறம் அதே சைக்ளின் அழிஞ்சாத்தான் முதிரும். இந்தத் தடவை ரெண்டு விதமா ஊசி."

வீட்டில் அத்தையிடம் (இவர் அம்மா) விளக்கினேன். "புரோட்டீன்தானே? ஆட்டுக்கால் சூப் வெக்கிறேன் லா." குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

6 மார்ச், புதன்

வெயில். ஹைவேயில் ஜாம். முட்டை எடுக்கும் நாள்.

நல்ல காரியம் என்று அத்தை என் தலையில் மல்லிகை, கழுத்தில் ஜவ்வாது. கிளினிக் வாசலிலேயே நர்ஸ் மோப்பம் பிடித்துவிட்டார். "அக்கா, வாசனை கூடாது. லேப்ல முட்டைக்கு ஆகாது." கொடுத்த தாளில் இருந்ததாம். நான் படிக்கவில்லை. டீச்சர் என்று பெயர்! அங்கேயே தேய்த்துக் குளியல்.

கூட வந்த அத்தையின் முகம் செத்துவிட்டது. "நானே கெடுத்துட்டேனாம்மா?" கட்டிக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இன்று வரவே இல்லை. இவ்வளவு ஆசையாக எனக்கு யார் பூ வைத்தார்கள்?

மாலை டாக்டர் போன். மற்ற முட்டையெல்லாம் நின்ற இடத்திலேயே. ஒன்றில் மட்டும் உட்கரு உறை கரைந்திருக்கிறதாம். அப்படியென்றால் சைக்ளின் எழுப்பிவிட்டது. இனி அது அழிந்து, பாதி குரோமோசோம் வெளியே வர வேண்டும். வராவிட்டால் இத்தோடு சரி.

7 மார்ச், வியாழன்

மூட்டம். துணி மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

போன். "டீச்சர், பாதிய வெளிய தள்ளிடுச்சு! பக்கத்துல குட்டி உருண்டை, நல்லாத் தெரியுது. முதிர்ந்த முட்டை. இன்னிக்கே விந்தணு சேர்க்கிறோம்."

இன்னும் கரு இல்லை, குழந்தை இல்லை. தெரியும். ஆனால் நான் அம்மா வயிற்றில் இருந்தபோது நின்றுபோனது இன்று நகர்ந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு புரதம் வந்ததற்கு நன்றி. வேலை முடிந்ததும் போனதற்கும்.

இவருக்குச் சொன்னேன். ரவாங்கில் லோரியை ஓரம் கட்டிவிட்டு அழுதார். பிறகு மெதுவாக, "நேத்துலேர்ந்து அந்த முட்டை அங்க தனியா இருக்கே. சாப்பிட ஏதாச்சும் குடுத்தாங்களாமா?"