பதினேழாம் அடிக்குறிப்பு

19 நவ. 1979, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. பள்ளி விடுமுறை, இருந்தும் ஐந்தரைக்கே விழிப்பு.

பத்து மணிக்குத் தபால், கோலாலம்பூரிலிருந்து. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! "திருத்தங்களோடு" என்று ஒரு வால். இருக்கட்டும். ஈப்போ தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருத்தி ஆராய்ச்சி இதழில்! மூன்று வருடம் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னால் நம் ஜனங்கள் வைத்த பெயர்களைச் சேர்த்தேன். வீண் போகவில்லை. கடிதத்தை நாலு தடவை படித்ததில் சாம்பார் அடிப்பிடித்தது.

கேட்டிருப்பவை:
1. வரைபடம் கறுப்பு மையில்
2. டைப் அடித்து மூன்று பிரதி
3. நன்றியுரை
4. ஆத்தங்கரை!!

நாலாவதுதான் உயிர். சிலிம் ரிவர் பக்கத்தில் மாணிக்கம் தோட்டம். முதல் கங்காணி பெயர். அதற்கும் முந்தைய பெயர் "ஆத்தங்கரைத் தோட்டம்", ஆகவே கங்காணி வருமுன்பே ஆற்றோரம் குடியிருப்பு இருந்தது என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறேன். சொன்னவர் அந்தத் தோட்டத்துப் பாக்கியம் அக்கா ஒருவர்தான். இன்னொரு சாட்சி வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். அது இல்லாவிட்டால் கட்டுரையில் வெறும் பட்டியல்தான் மிஞ்சும்.

20 நவ., செவ்வாய்

அவர் லீவு போட்டு டைப் அடித்தார். ஆபீசில் டைப் அடிக்கும் கிராணி உத்தியோகம் இதற்காவது உதவியது. நன்றியுரையை நான் சொல்லச் சொல்ல அடித்தார். "என் கணவர்" என்றேன்.

"பேரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அடிங்க."

சிரித்துக்கொண்டே அடித்தார். கார்பன் தாளைத் தலைகீழாகச் செருகியதில் ஒரு பக்கம் பாழ். பழி என் மேல்.

22 நவ., வியாழன்

காலை ரயிலில் சிலிம் ரிவர். அங்கிருந்து டாக்சி. ரப்பரை வெட்டிவிட்டு, பாதித் தோட்டம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. லயத்தில் வீடு வீடாகக் கேட்டேன். ஆத்தங்கரையா? ஒருவருக்கும் தெரியவில்லை. சன்னாசி என்ற பெரியவர் அங்கேயே பிறந்தவர். "அப்படி ஒரு பேர கேட்டதே இல்லம்மா. டீச்சருக்கு வேணும்னா கேட்டேன்னு எழுதிக்குங்க லா" என்றார். நல்ல மனுஷர். ஒரு நிமிடம் எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

கடைசியில் பாக்கியம் அக்கா வீடு. கணவர் வாசலில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆத்தங்கரைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாந்தான் வச்சேன்."

"எல்லாரும் மாணிக்கம் தோட்டம்னுதானே..."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சைக்கிள் பக்கம் கண்ணைக் காட்டினார். "பின்ன, அவரு பேர நான் எப்படிலா சொல்லுவேன்?"

கணவர் தலை நிமிராமலே, "நாந்தாம்மா மாணிக்கம்" என்றார்.

"கல்யாணமாயி வந்த அன்னைலேருந்து இதே தொல்ல, ஒரே சூசாதான், டீச்சர். எங்க இருக்கேன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்ல? ஆறு ஓடுது, ஆத்தங்கரைன்னேன். பஸ்காரன்கிட்ட பாலத்தாண்ட எறக்குன்னுவேன்."

பழைய பெயருமில்லை, பழைய குடியிருப்புமில்லை. அக்கா கொடுத்த காப்பியைக் குடித்ததே நினைவில்லை. ரயிலில் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த சீனக் கிழவர் ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

23 நவ., வெள்ளி

நாள் முழுக்கத் துக்கம் கொண்டாடுவதாகத்தான் திட்டம். காலைப் பசியாறும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. எழுந்து ஓடினேன். தோசை பாதியில்.

நோட்டுப் புத்தகம் ஏழும் தரையில். எந்தப் பெயர் ஒருவர் வாயில் மட்டும் வந்ததோ, அதன் பக்கத்தில் "பிழை?" என்று நானே சிவப்பில் எழுதி ஒதுக்கியிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செல்லம்மாவுக்கு மட்டும் அது "மேட்டு லயம்". ஊருக்கு வேலு கங்காணி லயம். செல்லம்மா கணவர் பெயர் வேலு! அடுத்தது. அதற்கடுத்தது. பிழை என்று தள்ளியவற்றில் பெரும்பாலானவை மனைவிமார் சூட்டிய பெயர்கள்!

நான் கொண்டுபோன கேள்வித்தாளில் "கணவர் பெயர்" என்ற கட்டத்தை எல்லா வீட்டிலும் பிள்ளைகளோ பக்கத்து வீட்டாரோதான் நிரப்பியிருக்கிறார்கள். கூடவே உட்கார்ந்திருந்தும் கவனிக்கவில்லை, மண்டு.

மதியச் சோறு அவர் கடையில் வாங்கி வந்தார். நான் ஆடிக்கொண்டிருந்தேன், நிஜமாகவே.

26 நவ., திங்கள்

ஆற்றோரக் குடியிருப்பு முழுவதையும் வெட்டினேன். நான் எடுத்த முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒரு வரி. அதன் பின் புதுப் பகுதி, ஆறு பக்கம். பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. முழங்கை வரை மை. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்று வாய் சொல்கிறது. பதிவு ரசீதை மட்டும் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

7 டிச., வெள்ளி

வெயில். வந்துவிட்டது பதில். "புதிய பகுதியே கட்டுரையின் சிறப்பு." அடுத்த இதழில்! ஒரே ஒரு கேள்வியாம்: இவ்வழக்கம் தோட்டத்து மூத்த பெண்களோடு சரியா, நகரத்தில் படித்த பெண்களிடமும் உண்டா? சான்று இருந்தால் அடிக்குறிப்பாகச் சேர்க்கவும்.

"படிச்சவங்ககிட்ட ஏது? இல்லைன்னு எழுதிடலாம்" என்றேன்.

அவர் தாளைச் செருகிக்கொண்டிருந்தார். "அப்படிங்களா, டீச்சர்? எங்க, என் பேரச் சொல்லு."

வாயைத் திறந்தேன். மூடினேன். ஒன்பது வருடம்! பள்ளிப் பாரத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் ஒரு தடவைகூட இல்லை. இந்த டைரியை ஜனவரியிலிருந்து புரட்டினேன். அவர், அவர், அவர். பாக்கியம் அக்காவுக்குக் காப்பி நான் போட்டுத் தர வேண்டும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

அடிக்குறிப்பு 17: "நகரத்தில் படித்த பெண்களிடமும் உண்டு. தகவல் தந்தவர்: கட்டுரையாசிரியர்."

அடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "இப்பவாச்சும் ஒரு தடவ சொல்லலாம்ல?"

"சொல்லிட்டா அடிக்குறிப்பு பொய்யாயிடும். தாள உருவுங்க."