கோலெடே நெருப்பில் சுட்ட கற்கள்

ஸ்ட்ருமிட்சா,
பழைய நாட்காட்டிப் புத்தாண்டுக்கு முந்தின இரவு

அன்புள்ள ட்ராய்ச்சேவுக்கு,

ஊரெல்லாம் அடங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. சாந்தேயின் வேன் விடிவதற்குள் ஜெர்மனிக்கு, உன் உல்முக்குக் கிளம்புகிறது. உன் பார்சலோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். இஸ்க்ரா இப்போதுதான் தூங்கினாள். ஒரு கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கை எழுதுகிறது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்ததுமே நீ "டிக்கெட் எப்ப போடட்டும்?" என்கிறாய். நான் உடனே பிள்ளைக்குப் பல் முளைக்கிற கதையை ஆரம்பிக்கிறேன். கடைசியில் இரண்டு பேருமே முகத்தைத் தூக்கிக்கொண்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் பிள்ளை. இருமல் இருந்தது, உன்னிடம் மறைத்தேன். போன வாரம் இரண்டு இரவு காய்ச்சலும் அடித்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சளி கீழே இறங்கவில்லை என்று சொன்னார். இப்போது சாப்பிடுகிறாள். பீன்ஸை மட்டும் ஒன்றொன்றாகப் பொறுக்கித் தரையில் போடுகிறாள். ஆனாலும் அவள் மூச்சு கொஞ்சம் மாறினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உன் அம்மா சிரிக்கிறார். "பிள்ளை தூங்குது, நீதான் முழிச்சு இருமிக்கிட்டு இருக்க" என்கிறார்.

இனி மருந்துக் கஞ்சா கம்பெனி விஷயம். முதலாளி இடத்தை விற்கப் போகிறார் என்று இலையுதிர் காலத்திலேயே உனக்குச் சொன்னேன். பூக்கும் கூடங்கள் இரண்டையும் அறுவடை முடித்துக் காலியாகப் பூட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஓர் அறைதான், தாய்ச்செடிகள் பதினெட்டும் இருக்கும் அறை. அந்தப் பதினெட்டிலிருந்து கிளை வெட்டி வைத்துத்தான் கூடம் முழுக்க நிரப்புவோம், உனக்குத் தெரியாததா. அவை செத்தால் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவர வேண்டும். அனுமதி, பரிசோதனை, இன்னொரு அனுமதி என்று அது இழுத்துக்கொண்டே போகும். இடத்தைப் பார்க்க வருவதாக இருந்த, கிரீஸிலிருந்து வரும் தெசலோனிக்கி அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: தாய்கள் உயிரோடு இருந்தால் வாங்குகிறேன், வெறும் கட்டடம் எனக்கு எதற்கு?

நான் உனக்குக் கொடுத்த வாக்கும் ஞாபகம் இருக்கிறது. கம்பெனி மூடினால் இஸ்க்ராவைத் தூக்கிக்கொண்டு உல்முக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். மூடினால்.

போன வாரம் கோலெடே அன்று, கிறிஸ்து பிறப்புக்கு முன் தெருவில் நெருப்பு மூட்டும் நாளில், அந்தி சாயும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. பனிமழை பெய்து கம்பிகளில் உறைந்து, மேட்டுச் சாலையில் கம்பமே சாய்ந்துவிட்டது. விடிந்துதான் வருவோம் என்றார்கள் மின்வாரியத்தில். ஜெனரேட்டரை முடுக்கினால் இருமிவிட்டு நின்றுபோனது. கோடையில் வாங்கிப் போட்ட டீசல் தொட்டியிலேயே மெழுகாகக் கட்டிக் கிடந்தது. முதலாளி போனை எடுக்கவில்லை. காவலுக்கு கீரோ மாமாவும், அறைக்கு நானும் பவ்லினாவும். வேறு ஒருவரும் இல்லை.

குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ போகும் முன் மாட்டிக் கொடுத்த புது விளக்குகள் வெளிச்சம் தருகின்றன, சூடு தருவதில்லை. பழைய சோடியம் விளக்கு இருந்த காலத்தில், அணைத்த பிறகும் அறை வெகுநேரம் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். இப்போது சூட்டுக்காற்று தரும் மின் ஊதி நின்றதுமே சுவர் ஜில்லிட்டுப் போகிறது. இருபத்துமூன்றில் இருந்த வெப்பமானி, நாங்கள் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பதினாறு காட்டியது. வெளியே மைனஸ் பத்துக்கும் கீழே உறைகுளிர்.

கீரோ மாமா நல்ல மனதோடுதான் செய்தார். காவல் அறையிலிருந்து கனல் நிரம்பிய கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குள் வந்துவிட்டார். நான் கதவில் கையை விரித்து நின்றேன். மூடிய அறையில் கரிப்புகை நம்மையே சாய்த்துவிடும், செடியிலும் படியும், உள்ளே விடமாட்டேன் என்றேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "கடைசியில புகைக்கத்தானேம்மா போறாங்க? இப்பவே கொஞ்சம் புகை பட்டா என்ன கெட்டுப்போச்சு?" பவ்லினா அந்த நேரத்திலும் சிரித்தாள். இது மருந்துக்கடைக்குப் போகிற சரக்கு என்று அவருக்கு எத்தனையாவது தடவையாகச் சொன்னேனோ தெரியாது.

அதன் பிறகு பவ்லினா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "ஏண்டி நெவென்கா, செத்தா செத்துட்டுப் போகுது. உனக்கென்ன? நீ ஜெர்மனிக்குப் போயிடுவ. நான்தான் திரும்ப மிளகாய் பொறுக்கப் போகணும்."

ட்ராய்ச்சே, அவள் சொன்னது சரிதான். அன்று இரவு நான் வீட்டுக்கு வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தால் போதும். ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். குளிரே எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கும். அடுத்த மாதம் நான் உல்மில் உன் சமையலறையில் இருந்திருப்பேன்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே கோலெடே நெருப்பை மூட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடியிருந்தது. பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது, ரக்கியா சாராயத்தில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த நெருப்பைப் பார்த்ததும் எனக்கு நம் கொட்டகையில் கிடக்கும், வீட்டைச் சூடாக்கும் மின்சார அடுப்பு நினைவுக்கு வந்தது. உன் அப்பா வாங்கியது, நாலு பேர் சேர்ந்தாலும் நகராத அந்த இரும்புப் பெட்டி. அதே மாதிரி ஒன்றைப் பழுது பார்க்கத்தான் நீ முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தாய். உள்ளே இருந்த கனத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என் அம்மாவின் தரைவிரிப்பில் அடுக்கினாய். ராத்திரி ஏற்றிய சூட்டை இவை மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். நான் கல்லைப் பார்த்ததைவிட உன்னைப் பார்த்ததுதான் அதிகம். ஆனால் பாடமும் ஏறியிருக்கிறது.

சொல்லிவிடுகிறேன், அந்த அடுப்பு இப்போது இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய், கோடரியால் தகட்டைப் பிளந்து கற்களை எடுத்துவிட்டேன். உன் அம்மா வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். "இங்கயும் ஒரு செடி இருக்கு, அதுக்கும் குளிருது" என்றார். நம் வீட்டு விறகு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, அறை சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை. நான் கற்களைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

நெருப்பருகே போய்க் கல்லைப் போடப்போனால், ஜோர்தான் எழுந்து வழியை மறித்தார். பூக்கிற காலத்தில் வாடை தாங்கவில்லை என்று மாதாமாதம் புகார் எழுதுகிறாரே, அதே பக்கத்து வீட்டு ஜோர்தான்தான். "கிறிஸ்து பிறக்கப்போற நெருப்புல போதைப்புல்லுக்குக் கல்லு சுடுவியா? உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினார். பவ்லினாதான் முன்னால் வந்தாள். "அவரும் தொழுவத்துலதான் பொறந்தாரு. குளிர்னா என்னன்னு அவருக்குத் தெரியும். நீங்க கம்பளிக்குள்ள உக்காந்து ரக்கியா குடிங்க." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் நான் முதல் கல்லைக் கனலுக்குள் தள்ளினேன்.

பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம். எங்க வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, எங்க வீட்டிலும் ஒன்று என்று ஆளாளுக்குக் கிளம்பிப் போனார்கள். கரண்ட் விலை ஏறிய நாளிலிருந்து தெரு முழுக்கக் கொட்டகைகளில் அந்த அடுப்புகள் தூங்கிக்கொண்டுதானே இருக்கின்றன. ஜோர்தான் கடைசிவரை நாற்காலியை விட்டு எழவில்லை. அவருடைய மனைவி மட்டும் ஏப்ரனில் நாலு கற்களைச் சுமந்துகொண்டு வந்தார். "அந்த ஆள் வாயைக் கண்டுக்காத, கண்ணு. நம்ம மருமக வேலையும் உங்க கம்பெனியிலதான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, புருஷனுக்குக் கேட்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை சேர்த்தார். அதை இங்கே எழுத முடியாது.

சிவக்கச் சுட்ட கல்லை மண்வெட்டியால் அள்ளி, மிளகாய்த் தொக்கான அய்வர் காய்ச்சும் பெரிய பானைகளில் போட்டு, சாம்பல் வெளியே வராமல் மூடியை இறுக்கிக் கட்டினோம். பானையை வாசல்வரை சுமந்தவர்கள் எல்லோருக்கும் நான் வெள்ளைத் தொப்பியும் காலணி உறையும் மாட்டிவிட்டேன். விதி விதிதான். "நாங்க என்ன ஆபரேஷனுக்கா போறோம்?" என்று ஒருவர். "ரக்கியா வாசனையைத் துணியில கட்ட முடியுமா, அதையும் பாரு" என்று இன்னொருவர். உள்ளே நானும் பவ்லினாவும் மட்டும். செடிகளை நடுவில் கூட்டி, மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கூடாரமாகக் கட்டி, சுற்றிலும் தரை ஓட்டின் மேல் பானைகளை வைத்தோம். ஆறினால் வெளியே, சுட்டது உள்ளே. எத்தனை நடை என்று எண்ணவில்லை. வழக்கமாக அந்த நெருப்பு நடுராத்திரியில் அவிந்துவிடும். இந்த வருஷம் கழித்துப் போட்ட திராட்சைக் கொடியும் உடைந்த மிளகாய்ப் பெட்டியும் போட்டுப் போட்டு விடியும்வரை எரித்தார்கள்.

கூடாரத்துக்குள் பதினான்குக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் பெரிய தொட்டியில் இருந்த இரண்டை நகர்த்த முடியவில்லை. வெளிச்சுவர் ஓரத்திலேயே இருந்த அவை காலையில் கருத்துத் தொங்கின. இன்னும் நாலு தலை சாய்ந்து, இப்போதுதான் நிமிர்கின்றன. பதினாறு உயிரோடு இருக்கின்றன.

விடிந்து மின்சாரம் வந்த பிறகு நான் வீட்டுக்கு வந்தபோது இஸ்க்ரா கொதித்தாள். நான் எழுதிய அந்தக் காய்ச்சல் அன்று தொடங்கியதுதான். உன் அம்மா ஈரத்துணியை என் கையில் கொடுத்தார். நான் கரி படிந்த முகத்தோடு அவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பவ்லினா தனியாக அறையைப் பார்த்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளில் நீ நினைக்கப்போவதையெல்லாம் நானே நினைத்துவிட்டேன். அதனால் அதை மட்டும் எழுதாதே.

நேற்று தெசலோனிக்கி அம்மாள் வந்தார். செடிகளின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடி கருத்த பானைகள் நடைபாதையில் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். பவ்லினா பளிச்சென்று சொன்னாள்: "எங்க ஹீட்டர், மேடம்." அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் தாய்ச்செடிகளுக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், அடுத்த இரண்டு குளிர்காலமாவது இங்கேயே இருப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுக்கிற ஆள் வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த அம்மாள் காத்திருப்பார். ஆனால் நான் படித்தது இந்த வேலைக்கு. அங்கே வந்தால் அடுத்தவர் வீட்டுக் கழிவறை கழுவத்தான் என் படிப்பு உதவும் என்று உனக்கும் தெரியும். பிப்ரவரியில் இஸ்க்ராவுக்குப் பாலர் பள்ளியில் இடம் பிடித்து வைத்திருக்கிறாய். சின்னக் கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டிருக்கிறாய். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. பார்த்துவிட்டும்தான் சரி என்று சொன்னேன். நாங்கள் வரவில்லை.

இனி ஒரு வேலை விஷயம். பின்கிடங்கில் உன் பழைய சோடியம் விளக்குகள் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. வெளிச்சுவர் வரிசைக்கு மட்டும் அவற்றைத் திரும்ப மாட்டினால், குளிர்காலத்தில் விளக்கே பாதிச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். கோடையில் கழற்றிக்கொள்ளலாம். அந்த அம்மாளிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார். டவுனிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் மின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுப் புதிதாகத்தான் இழுக்க வேண்டும் என்கிறான். அவனைத் தொடவிடவில்லை. ஜெனரேட்டர், விளக்கு, ஊதி எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும், உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் யாராவது உண்டா என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

பார்சலில் அய்வர் மூன்று பாட்டில், உன் அம்மா பின்னிய காலுறை, இஸ்க்ரா கிறுக்கிய ஒரு தாள். அது நீயாம். சாந்தே வழியில் பாட்டிலைத் திறந்துவிடுவான், எண்ணி வாங்கிக்கொள். ஏணியில் ஏறும்போது கையுறை போடு. ஆண்டவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

சாந்தே ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். அந்த அம்மாளுக்கு நான் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுதி அவனிடம் கொடுத்தனுப்பு. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

உன்
நெவென்கா