திலகம், உமது வகுப்பை நான் விட்டுக்கொடுக்கவில்லை

என் அன்பான இஞ்சாரும்,

வீட்டில் உம்மை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்சாரும்" என்றால் திரும்புவீர். கல்லூரியில் மட்டும் வாக்கிடோக்கியில் "சூப்பர்வைசர்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. நீரும் வீட்டுப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, "மிஸ்டர் நடேசன், பின் கேட்டுக்குப் போங்கோ" என்று கட்டளை போடுவீர். இப்போது எப்படிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஆனாலும் உம்மிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது, சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

உம்முடைய வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். ஓம், கல்லூரிக்கு நான்தான் இப்போது செக்யூரிட்டி சூப்பர்வைசர். நன்றாகச் சிரியும். ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகும் அது என்னிடம் இருக்குமா என்று தெரியவில்லை.

ரூட்டிங் பக்கத்து மண்டபத்தில் நடந்த அந்தக் கலியாண வீடு நினைவிருக்கிறதா? உம்மைச் சூப்பர்வைசர் ஆக்கிய புதிது. சாப்பாட்டு மேசையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நடேசன், உமக்கு இப்ப மனிசிக்குக் கீழயோ வேலை?" என்றார். "ஓம் அண்ணை, முந்தி வீட்டில மட்டுந்தான், இப்ப வேலையிலயும்" என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீர் என் கையை விடவே இல்லை. எனக்கு அன்று இருந்த பெருமை அந்த மனிதருக்கு எங்கே விளங்கப் போகிறது!

ஊரைவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, நாங்கள் இருவரும் எண்பதுகளின் கடைசியில் ஒன்றாகத்தான் அந்த வேலைக்குச் சேர்ந்தோம். உமக்குப் பெண்கள் ஹொஸ்டல், எனக்கு முன் கேட். உள்ளே வருகிற எல்லோரையும் "எங்கே போகிறாய்?" என்று கேட்க வேண்டும் என்றார்கள். என் வாயில் அது வரவில்லை. வெளிக்கிட்டுப் போகிற ஆளை "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஊரில் "தூரமோ?" என்றுதானே கேட்போம்? அதையே இங்கிலிஷில் கேட்டுவிட்டேன். புத்தகத்தோடு வந்த பெடியன் ஒருவன் நின்று, சுற்றிப் பார்த்து, "நூலகத்துக்கு. அதோ தெரிகிறதே" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

மனேஜர் கெவின் கூப்பிட்டு ஏசினார். இன்னும் இரண்டு தமிழ்க் காவலர்கள் அதே பிழையைச் செய்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அவர்தான் மனேஜர். மனிதர் கெட்டவர் இல்லை, கிறிஸ்மஸுக்கு எல்லோருக்கும் சொக்லேட் தருவார். ஆனால் மேலிடத்துக்குப் பயம்.

அன்று வீட்டுக்கு வந்து நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க, நீர் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னீர்: "இதில என்ன பிழை இருக்கு? எங்க போறாய் எண்டு எங்களை ஆமிக்காரன் கேட்டவன். இஞ்ச வந்தாப் பிறகு பொலிஸ் கேட்டவன். கேக்கேக்கை உங்களுக்கு எப்பிடி இருந்தது? தூரமோ எண்டு கேட்டா அலுவல் இருக்கிறவன் சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டுப் போவான். அலுவல் இல்லாதவன் யோசிப்பான். அவ்வளவுந்தானே எங்களுக்கு வேணும்?"

சூப்பர்வைசர் ஆனதும் அதைப் பயிற்சியிலேயே சேர்த்துவிட்டீர். காவலுக்குச் சேர்ந்த பற்றிக் என்ற அயர்லாந்துக் கிழவர், கானாவிலிருந்து வந்த கிரேஸ் எல்லோரும் கேட்டில் நின்று "தூரமோ?" என்று இங்கிலிஷில் கேட்டார்கள். பற்றிக் அதை ஏதோ தன் பாட்டனின் வார்த்தை மாதிரிக் கேட்பார்!

உம்முடைய வகுப்பு கதிரையில் இருந்து கேட்கிற வகுப்பு இல்லை. புதிதாக வந்தவர்களைப் பட்டப்பகலில் வளாகம் முழுக்க நடத்திக்கொண்டு திரிவீர். சிகரெட் பிடிக்கப் போகிற பிள்ளைகள் நெருப்புப் பிடித்தால் வெளியேறுகிற தீக்கதவு மூடாதபடி கதிரையை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். பஸ் தரிப்புக்குப் போகிற பாதையில் ஆள் மறையும் அளவுக்குப் புதர் வளர்ந்திருக்கும். எரியாத லைட், கொளுவாத ஜன்னல். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, "இதில் என்ன நடக்கலாம்?" என்று கேட்பீர். புதரை வெட்டித் தரும்வரை தோட்டப் பகுதியை நீர் விட்டபாடில்லை. அந்தப் பாதையில் பெண்பிள்ளைகள் இப்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

திலகம் ஒரு கள்ளனையும் பிடிக்கவில்லையே என்று உம்முடைய செத்தவீட்டிலேயே ஒருவர் கேட்டார். எனக்கு வந்த கோபம்! நடக்காமல் போனதற்கு யார் பதக்கம் தருவார்கள்? அந்தப் பாதையில் ஒரு பிள்ளையும் அழவில்லை என்பதை எந்தப் பத்திரிகை போடும்?

பிறகு கணினிகளைத் திறந்து உள்ளிருக்கும் மெமரிச் சிப்புகளைக் கழற்றிக்கொண்டு போகிற களவு தொடங்கியது. எல்லாக் கல்லூரியிலும் அந்தக் காலத்தில் அதுதான் கதை. மேலிடம் கெவினை நெருக்க, அவர் உம்மிடம் கேட்காமலே இரண்டு காவலர்களிடம், தொப்பி போட்டுக்கொண்டு படிக்கட்டில் கூட்டமாக நிற்பவர்களை மறித்துப் பையைப் பார்க்கச் சொன்னார். படிக்கட்டில் நின்றவர்கள் எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மழைக்குள் மார்க்கஸ் என்ற பெடியனின் பையைப் படியில் கொட்டினார்கள். விழுந்ததெல்லாம் பொறியியல் புத்தகமும் மதியச் சாப்பாடும். நீர் ஓடிவந்தீர். சீருடையோடு ஈரப்படியில் முழந்தாளிட்டு, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, அவனிடம் கொடுத்து, அத்தனை பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டீர். அவன் அவற்றை வாங்கிப் பைக்குள் வைத்தான். உம்மைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

பிறகு கெவினின் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னீர். வெளியில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "என் ஆட்களுக்குக் கதவைப் பார்க்கப் பழக்குவேன், முகத்தைப் பார்க்கப் பழக்க மாட்டேன். உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால் நீங்களே வந்து பழக்குங்கள். மார்க்கசின் தாயைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துகிறேன்." கெவின் வரவில்லை. நீர் இருந்த காலம் முழுக்க அந்தக் கதையை அவர் எடுக்கவும் இல்லை.

போன மாரியில் நீர் போய்விட்டீர். அந்த ஆஸ்பத்திரிக் கதையை உமக்கே நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வலிக்கிறது என்று கடைசிவரை ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னால் தாங்க முடியாது என்று நினைத்தீரா?

நீர் இல்லாத இடத்தில் கமரா வைத்தார்கள், சுற்றுக் காவலைக் குறைத்தார்கள். தீக்கதவுக்குக் கதிரை திரும்ப வந்தது, களவும் வந்தது. நேற்று ஐந்து புதிய காவலர்களுக்கு நான் வகுப்பு எடுக்க, கெவின் வந்து பின்னால் இருந்தார். பாதியில் எழுந்து, "எப்படிப்பட்ட ஆட்களை மறிக்க வேண்டும் என்பதை நடேசன் இப்போது சொல்வார்" என்றார். பழைய கதை. தொப்பி, கூட்டம், படிக்கட்டு.

நான் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தேன், இஞ்சாரும். "அதை நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நடேசன், இது உம்முடைய மனைவியின் காலம் இல்லை."

"தெரியும். இது என்னுடைய காலம். நானும் மாட்டேன்."

கதவடியில் நின்ற கிரேஸ், "நானும்தான்" என்றாள். கெவின் சிவந்துபோனார். திங்கட்கிழமை காலை வந்து பழக்குவீரா மாட்டீரா என்று சொல்லும், மாட்டீர் என்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு நான் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு தீக்கதவுகளைப் பார்க்கப் போனேன். வகுப்பை இடையில் விட்டால் உமக்குப் பிடிக்காதே.

எங்கள் மகள் மீராவிடம் சொன்னேன். பிள்ளை பயந்துவிட்டாள். "அப்பா, ஜஸ்ட் சே யெஸ். உங்கட வயசுக்கு வேற ஜொப் யார் தருவினம்?" என்றாள். அவள் கேட்பதும் நியாயந்தான். வீட்டுக்கடன் இருக்கிறது, எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிறகு அவளே, "அம்மா எண்டா கத்தியிருப்பா, இல்லையா?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, அம்மா கத்தமாட்டா. மெதுவாத்தான் சொல்லுவா. அதுக்குத்தான் கெவின் ஆக்களுக்குப் பயம்."

அவள் அழுதாள். நானும்தான். பிறகு அவள் என்னை ஆம் என்று சொல்லச் சொல்லவில்லை.

கேளும், இது உமக்கு நான் தருகிற வாக்கு. திங்கட்கிழமை போவேன். மாட்டேன் என்று சொல்வேன். நீரே விலகும் என்று கேட்பார்கள், விலக மாட்டேன். அனுப்புவதென்றால், எதற்காக அனுப்புகிறோம் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி அவர்கள் வாயாலேயே சொல்லி அனுப்பட்டும். வைத்திருந்தால் அடுத்த வகுப்பையும் நான்தான் எடுப்பேன், அதற்கு அடுத்ததையும். உம்மைப் போல மெதுவாகச் சொல்ல எனக்கு வராது, குரல் நடுங்கும். நடுங்கட்டும். அந்தக் குரலில்தான் சொல்லுவேன்.

என்றும் உம்முடைய மனிசன்,
நடேசன்