மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவள்

மார்ச் 4

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா தந்த துப்பறியும் நாவலைப் பிரித்தேன். ஒரே ஒப்பந்தத்துக்கு முட்டி மோதும் இரண்டு நாட்டுக் கப்பல் கம்பெனிகள். மூன்றாம் அத்தியாயத்திலேயே மொழிபெயர்ப்பாளரைக் கொன்றுவிட்டார்கள். என் தொழில்காரி. இன்னும் நாலு பக்கம் வாழ விட்டிருக்கலாம்.

மார்ச் 5

ஏன் கொன்றார்கள் என்று தெரிந்தது. ஒப்பந்தம் தர வேண்டிய வெளிநாட்டுக்காரர் "கவனமாகப் பரிசீலிக்கிறோம்" என்கிறார். அவர்கள் வழக்கத்தில் அதற்கு 'முடியாது' என்று பொருள். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லையாம். கதையில் வரும் முதலாளி அதைச் சம்மதமென்று நம்பி மற்ற வேலைகளையெல்லாம் கைவிடுகிறார். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று போட்டிக் கம்பெனி ஆள் படிக்கட்டில் தள்ளிவிடுகிறான்.

எங்கள் கம்பெனியில் பம்பு வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களும் இதே ரகம்தான். ஆபீஸ் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடித்தேன்.

மார்ச் 7

பேச்சுவார்த்தை. வந்தவர்களில் மூத்தவர், மாதிரிக்கு வைத்திருந்த பம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கவனமாகப் பரிசீலிக்கிறோம்" என்றார். நாவலில் வந்த அதே வார்த்தை. அப்படியே மொழிபெயர்த்தேன். கூட்டுவதும் குறைப்பதும் என் வேலையில்லை. முதலாளி முகமெல்லாம் பல்லாகக் கைகுலுக்கினார்.

உடனே பட்டறைக்குப் போய், அங்கே மேற்பார்வை பார்க்கும் அக்கா வீட்டு அத்தானிடம், "வேற இடத்துல கூப்பிட்டாங்களே, வேணாம்னு சொல்லிடுங்க. ஆர்டர் நம்ம கையில" என்றாராம். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 8

அவர்கள் சொன்னதற்கு 'முடியாது' என்றுதான் பொருள் என அத்தானிடம் சொன்னேன்.

"பரிசீலிக்கிறோம்னா பரிசீலிக்கிறாங்க. நீ முதல்ல அந்தக் கதைப் புத்தகத்த மூடி வை."

இந்த ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறையை மூடுவார்கள். அந்த இன்னொரு வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அக்கா, பிள்ளைகள் எல்லாம் நடுத்தெருவில்—

கடைக்குப் போகும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. செத்தவள்தான் வருகிறாளா?

மார்ச் 9

நாவல் முடிந்தது. முதலாளி தப்பித்தார், கம்பெனி பிழைத்தது, கடைசியில் ஒரு கல்யாணம்கூட நடந்தது. அவளைத் தள்ளியவன் மட்டும் பிடிபடவில்லை. யாரும் தேடவும் இல்லை. எழுதியவருக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது. விட்டுப்போயிருக்குமோ என்று பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆத்திரமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். முதலாளி அறையில், அத்தானையும் கூட்டிக்கொண்டு போய். "அது சம்மதம் இல்ல சார். முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

முதலாளி, "அவங்க சொல்றதச் சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம்" என்றார்.

அத்தான் வெளியே போய், அந்த இன்னொரு இடத்துக்குப் போன் போட்டார்.

ஏப்ரல் 2

அத்தான் புது இடத்தில் சேர்ந்துவிட்டார். பம்பு ஆர்டர் வேறு நாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது. நான் வாய் வைத்ததால்தான் கெட்டதாம், என்னை நிறுத்திவிட்டார்கள்.

மத்தியானம் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தாள். இன்று வேறு ஆட்கள் வந்திருந்தார்களாம், அதே நாட்டுக்காரர்கள்.

"அக்கா, கவனமாப் பரிசீலிக்கிறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. சார் ஒரே சந்தோஷமா இருக்காரு. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு. அப்படின்னா என்னக்கா?"

சொன்னேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அப்ப, அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"படிக்கட்டுல எறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.