புதினா சேர்த்தவன் நான்தான்

சாரேமா தீவு
ஆகஸ்ட் 11

அன்பு மகள் லீலோவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். பெர்கனில் நீயும் மாப்பிள்ளை எயிரிக்கும் ஏழு வாரக் குட்டி இடாவும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். எப்போதும் அம்மாதானே எழுதுவாள், இந்தத் தடவை அப்பா ஏன் பேனாவைப் பிடித்தார் என்று நினைப்பாய். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, போனில் சொல்ல வாய் வரவில்லை. புல் அறுப்பு முடிந்துவிட்டது, உருளைக்கிழங்கு பரவாயில்லை, காட்டுப்பன்றி வந்து ஒரு பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் வழக்கம், கடல் தாண்டி வர முடியாததால் பார்சல் அனுப்பினோமே, அதில் ரொட்டியும் காலுறையும் அம்மாவின் வேலை. பால் ஊறுவதற்கான சீமைச் சோம்பை அளந்து பையில் கட்டுவது மட்டும் என் பொறுப்பு. அந்தக் கஷாயம் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பானையைக் கழுவிய தண்ணீர் போல இருக்கும் என்று உனக்கும் தெரியும். நீ சின்னவளாக இருந்தபோது கை நிறையப் புதினா பறித்து வந்து மோந்து பார்க்கச் சொல்லி என் மூக்கில் திணிப்பாய். அது ஞாபகம் வந்து, நீ ஆசையாகக் குடிப்பாயே என்று பாதிக்குப் பாதி காய்ந்த புதினாவை நசுக்கிக் கலந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நீ போன் செய்து, பால் குறைஞ்சுக்கிட்டே வருதும்மா, பிள்ளைக்குப் பசியாத்தக்கூட என் ஒடம்பு லாயக்கில்ல என்று அழுதாய். அம்மா உனக்குத் தெம்பு சொன்னாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். போன சனிக்கிழமை நீராவிக் குளியல் முடிந்து, உனக்குக் கட்டியது போக வீட்டில் மிச்சமிருந்ததை அம்மா எடுத்துக் கொதிக்க வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள். இதுல புதினா எப்படி வந்துச்சு உர்மாஸ் என்று கேட்டாள். வாசனைக்குத்தான் என்றேன். பால்குடி மறக்கடிக்கிறப்போ பொம்பளைங்க குடிக்கிறது புதினா, அதையா பிள்ளை பெத்தவளுக்குக் கட்டி அனுப்பினே, ஆட்டுக்கு மருந்து கொடுக்கறப்போ ஒழுங்கா வேலை செய்யற மூளை மகளுக்குன்னா செய்யாதா என்றாள்.

மறுநாளே ஊர் மருத்துவச்சி காயேயிடம் ஓடினேன். சிரித்தாள். நாலு கோப்பை புதினாவுல பால் வத்திடாது, இருந்தாலும் மிச்சத்தைக் குடிக்க வேணாம்னு சொல்லுங்க, பிள்ளை அடிக்கடி வாய் வெச்சாத்தான் பால், சோம்பெல்லாம் மனசுக்குத் தெம்பு என்றாள். உன் ஊர் செவிலியும் அதையேதான் சொன்னாளாம். அவள் சொன்னபடி செய்து இடா எடை கூடிவிட்டாள் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனாலும் மகளே, யார்மேலாவது பழி போட்டே ஆக வேண்டுமென்றால் என்மேல் போடு. உன் உடம்பின்மேல் போடாதே. அது உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இதுவரை எழுதியதை அம்மா படித்துச் சரி என்றாள். இந்தத் தாளை மட்டும் அவளுக்குத் தெரியாமல் மடித்து வைக்கிறேன். நீ பிறந்தபோது மூன்று வாரம் அவளுக்கும் பால் சரியாக வரவில்லை. நானெல்லாம் ஒரு தாயா என்று உன்னைப் போலவேதான் அழுதாள். என் அக்கா மைமு தினம் காலையில் ஒரு கூஜா சோம்புக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அக்கா தலை மறைந்ததும் அம்மா அதை ஜன்னல் வழியே திராட்சைப் புதருக்கு ஊற்றுவதை ஆட்டுக்கொட்டகையிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். பால் தானாகவே வந்தது, நீயும் கொழுகொழுவென்று வளர்ந்தாய். தன் கஷாயத்தால்தான் என்று மைமு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பத்து நாலு வருடமாக நானும் மறுத்துப் பேசவில்லை.

புதினாப் பையை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடு, அவருக்குப் பால் வற்றினால் யாருக்கும் நட்டமில்லை. இத்துடன் வரும் புதுப் பையில் வெறும் சோம்புதான், அம்மா தன் கையாலேயே கட்டி வாயைத் தைத்தும் விட்டாள். வேளைக்குச் சாப்பிடு, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. உன் மடியும் இடாவின் வயிறும் என்றும் நிறைந்திருக்கட்டும். கஷாயம் பிடிக்கவில்லையென்றால் கட்டாயமில்லை, உன் ஜன்னலுக்கு வெளியேயும் ஏதாவது செடி இருக்கும்.

அன்புடன்,
உன் அப்பா உர்மாஸ்