அண்ணன் வாசிக்காமல் விட்ட வரிகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. யாரையும் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன், நம்புவாயா? நாங்கள் இங்கே சுகம், உன் சுகம்தான் தெரியவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, பஸ் போர்டு, சோப்பு உறை எதையும் விடுவதில்லை, உன் அம்மா "மனசுக்குள்ள படிங்க, தெருவுக்கே கேக்குது" என்கிறாள்.

படிக்க வந்ததும் உன் கடிதங்களைத்தான் எடுத்தேன். கசங்கிக் கிடந்தன, இஸ்திரி போட்டேன், நாற்பது வருடத் தொழில் புத்தி வேறெங்கே போகும். உன் அண்ணன் வாசித்தால் இரண்டு நிமிடத்தில் முடியும், இன்னமும் உன்னைத் தம்பியாகவே வைத்து "நல்லா இருக்கானாம்" என்பான். நான் எழுத்துக் கூட்டினால் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஆஸ்பத்திரியில் உன் பழைய பெயரைக் கத்திக் கூப்பிட்டு வரிசையே சிரித்ததும், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் நீ திரும்பியதும், கூட இருப்பவன் ஆணுறை வேண்டாம் என்பதும், வற்புறுத்தினால் இவனும் விட்டுப் போவானோ என்று நீ பயப்படுவதும் எல்லாம் இருக்கிறது. அப்பா ஒருநாள் என்னோடு வந்தால் போதும், பரிசோதனைக்குப் போய்விடுவேன் என்று எட்டு மாதம் முன்பே எழுதியிருக்கிறாய். அப்பாவும் கைவிட்டார் என்றுதானே நினைத்திருப்பாய்? அண்ணனைக் கேட்டேன். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்பா" என்று தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதக் கடிதத்தில்தான் இஸ்திரிப் பெட்டிச் சூடு கூடிவிட்டது. "இரண்டு வாரமாகக் காய்ச்சல், புண்ணும்" என்பதற்குப் பிறகு மூன்று வரி கருகிவிட்டது. ஒரு சட்டையைக்கூடப் பொசுக்காதவன் நான். என்னம்மா எழுதியிருந்தாய்? உன் பழைய போன் நம்பருக்கும் லைன் போகவில்லை. கையில் வேலை ஓடவில்லை, உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் உட்காருகிறேன். பக்கத்துத் தெரு நர்ஸைக் கேட்டேன், "எதுவா இருந்தாலும் வைத்தியம் இருக்கு பெரியவரே, பயந்து ஒளிஞ்சிருக்கிறதுதான் ஆபத்து, முதல்ல டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்க என்னால் ஆகாது. அடுத்த புதன்கிழமை ரயிலில் வருகிறேன், விலாசத்தை நானே படித்து வந்துவிடுவேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு, உறை இல்லாமல் அவனைக் கிட்டே சேர்க்காதே, போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பழைய பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருக்காதே. நான் போய் என் மகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகிவிட்டேன்.

உன் அப்பா